ஈகன் என்று கூப்பிட்டார்கள்

6 மே 1899, சனி

இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். ஜெயித்தோம்.

தமிழில் எழுதி வெகுநாளாகிவிட்டது. இந்தக் கெல்சன் துறையில் தமிழ் பேச எனக்கு ஆளில்லை. லாயத்தில் குதிரைகளிடம் பேசுவேன். அவை பதில் சொல்வதில்லை. என் பக்கம் காதைத் திருப்பும், அவ்வளவுதான். மொழி அடியோடு மறந்துபோவதற்குள் எழுதியாவது வைப்போம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏகாம்பரம் ஆகிய நான் சைதாப்பேட்டைக் குதிரைவண்டிக்காரரின் மகன். மெல்போர்னிலிருந்து மதராஸுக்குக் குதிரை ஏற்றிப் போகும் கப்பலில் குதிரைக்காரனாக வந்தேன். வரும் வழியில் காய்ச்சல் கண்டது. கப்பல் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. பிழைத்தேன், தங்கிவிட்டேன். மெல்போர்ன் பட்டணத்துக்கு மேற்கே இருக்கும் இந்தத் துறைமுக ஊரில், அந்தக் கப்பலுக்குக் குதிரை அனுப்பும் வியாபாரியின் லாயத்திலேயே வேலை.

பந்தாட்டத்துக்கு வந்தது தற்செயல். பரணிலிருந்து தள்ளிய வைக்கோல் கட்டை நான் எம்பி அந்தரத்திலேயே பிடித்ததை டன்னிங் பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், ஊர் அணிக்குத் தலைவர். "உன் பேர் என்ன?" என்றார். சொன்னேன். "ஏகா... ஈகா..." என்று இரண்டு முறை மென்று பார்த்துவிட்டு, "சரி, ஈகன். சனிக்கிழமை வந்துடு" என்றார். ஈகன் என்பது ஐரிஷ்காரர்களின் பெயராம். ஐரிஷ்காரர்களும் மறுப்புச் சொல்லவில்லை.

இங்கே பந்து உருண்டை இல்லை, முட்டை வடிவம். கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம். உதைத்த பந்தைத் தரையில் விழுவதற்கு முன் தாவிப் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. அதன்பின் யாரும் உன்னைத் தொடக்கூடாது. நின்று நிதானமாக உதைக்கலாம். என் வேலை அதுதான், தாவுவது. எதிராளியின் முதுகில் முட்டியை ஊன்றி மேலே போய்விட்டால் அங்கே ஓர் இடம் இருக்கிறது. எடை கிடையாது. பந்து தானாக, மெதுவாக, நம்மைத் தேடிக்கொண்டு வரும். கீழே வர மனமிருக்காது.

8 மே, திங்கள்

பத்திரிகையில் என் பெயர். 'ஈகன் என்னும் கறுத்த ஐரிஷ் இளைஞர் பறவைபோல் எழும்பினார்.' ஹனோராவிடம் காட்டினேன். எங்கள் சந்தின் கோடியில் சலவைக்கூடம் வைத்திருப்பவள் அவள். அணியின் சட்டைகளையெல்லாம் அவள்தான் வெளுக்கிறாள். நிஜமான ஐரிஷ்காரி.

"என்ன பறவைன்னு போடலையே" என்றாள். "கோழிகூட எழும்பத்தான் செய்யுது."

புதுக் குதிரைகள் ஏழு வந்திருக்கின்றன. சாம்பல் நிறத்தது ஒன்று கடிக்கிறது.

20 மே, சனி

தாவும்போது யாருடைய முழங்கையோ இடது காதுக்குப் பின்னால் பலமாகப் பட்டது. கொஞ்ச நேரம் புல்லில் கிடந்தேன். வானம் மிக அருகில் இருந்தது. மேகங்கள் கடற்கரை மணல்மாதிரி வரிவரியாக. காதுக்குள் யாரோ சங்கைப் பொருத்தியதுபோல் ஓசை. டன்னிங் குனிந்து என்னவோ கேட்டார். எழுந்து ஆடினேன்.

காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். ஒன்றுமில்லை.

23 மே, செவ்வாய்

சங்கு நிற்கவில்லை. இனிமையாகத்தான் இருக்கிறது. வலது காது அந்தக் கப்பல் காய்ச்சலிலிருந்தே மந்தம். இப்போது இரண்டும் சேர்ந்து ஓய்வெடுத்துக்கொள்கின்றன போலும். சளிக்காலம். சரியாகிவிடும்.

3 ஜூன், சனி

தோற்றோம். கூட்டம் மிக மரியாதையாக இருந்தது. போன வருடம் இதே மைதானத்தில் என்னைப் பார்த்து என்னென்னவோ கத்தியவர்கள். இன்று உட்கார்ந்து அமைதியாகப் பார்த்தார்கள். மனிதர்கள் மாறத்தான் செய்கிறார்கள்.

9 ஜூன், வெள்ளி

இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். குளிர் காரணமாக இருக்கலாம், வாயைத் திறக்கவே யோசிக்கிறார்கள். அவர்களின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பேச்சு பிடிபடுகிறது. கடல்காகங்களும் வேறெங்கோ போய்விட்டன. இல்லை, இருக்கின்றன, லாயத்துக் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கத்துவதில்லை.

ஹனோரா பாடுவதை நிறுத்திவிட்டாள். துணி அலசும்போது எப்போதும் ஏதாவது பாடுவாள். என்ன மனக்கஷ்டமோ. கேட்கவில்லை.

17 ஜூன், சனி

இன்று நான் ஆடியதுபோல் எவனும் ஆடியிருக்கமாட்டான். நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

விரிகுடாவிலிருந்து மூடுபனி எழுந்து மைதானத்தை நிரப்பிவிட்டது. கோல் கம்பங்களின் உச்சிகள்மட்டும் தெரிந்தன, மூழ்கிய கப்பலின் பாய்மரங்கள்போல. ஆட்டக்காரர்கள் பனிக்குள்ளிருந்து முளைப்பார்கள், கரைவார்கள். ஓர் ஓசையும் இல்லை. என் பூட்ஸ் ஈரப்புல்லில் பதிவதை உடம்பால் அறிந்தேன், காதால் அல்ல. பந்து எங்கிருந்து வருமென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அண்ணாந்து நிற்பேன். பனி ஓரிடத்தில் கொஞ்சம் கருக்கும். அங்கே தாவுவேன். பந்து கையில் இருக்கும்.

சின்ன வயதில் சைதாப்பேட்டை ஆற்றில் முங்கிக் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்வேன். பச்சை வெளிச்சத்தில் மற்றப் பிள்ளைகளின் கால்கள் மெதுவாக அசையும். அதேதான் இது. அன்று மூச்சு முட்டும்; மேலே வந்தாகவேண்டும். இன்று மூச்சு முட்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டன்னிங் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் சிரிப்பது அவருடைய தோளெலும்பு வழியாக எனக்குத் தெரிந்தது.

26 ஜூன், திங்கள்

சாம்பல் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலிருந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. அது பூனைமாதிரி வந்தது. கொட்டிலுக்கு வெளியே நின்ற எல்லோரும் என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கூப்பிட்டு எச்சரித்திருக்கலாம், ஒருவரும் செய்யவில்லை. வருத்தமாக இருந்தது.

முட்டியில் சிராய்ப்பு. மஞ்சள் கிடைக்காத ஊர்.

5 ஜூலை, புதன்

வேலை முடிந்து சலவைக்கூடத்துக்குப் போனேன். சட்டைகளைப் பிழிந்து கொடுப்பது புதன்கிழமை வழக்கம்; ஈரக் கம்பளிச் சட்டையை முறுக்க இரண்டு பேர் வேண்டும். தொட்டியிலிருந்து ஆவி எழுந்து கூடம் முழுக்க மிதந்தது. நான் மறுபக்கம் திரும்பிச் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். நிம்மதியான வேலை. நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று.

திரும்பினால் ஹனோரா தொட்டியருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கண் சிவந்திருந்தது. சவுக்காரத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அருகே வந்து என் முகவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள். உதடு தெளிவாக இருந்தது.

"எப்படி?"

"உனக்குப் பின்னால நின்னு கூப்பிட்டேன். அப்புறம் திட்டினேன். சட்டியைத் தூக்கிக் கீழ போட்டேன். அப்புறம் வேற ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"திரும்பி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாட்டை ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் என் முகவாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "நான் நிறுத்தவே இல்லை" என்றாள்.

6 ஜூலை

என்ன சொல்லியிருப்பாள்?

8 ஜூலை, சனி

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று ஹனோராவிடம் கேட்டுக்கொண்டேன். ஆட்டத்துக்குக் காது எதற்கு? பந்து பேசுவதில்லையே. அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்று ஜெயித்தோம்.

15 ஜூலை, சனி

பெர்ஸி எங்கள் அணியில் ஆகச் சிறிய உருவம். சிட்டுக்குருவிமாதிரி கால்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவான். இரண்டாம் பகுதியில் பந்து உயரமாக வந்தது. நான் தாவினேன். கீழே பெர்ஸியும் அதே பந்துக்கு வந்திருக்கிறான். "விட்டுடு ஈகன், என்னோடது!" என்று கத்தியிருக்கிறான். டன்னிங்கும் கத்தியிருக்கிறார். மைதானத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

என் முட்டி அவன் கழுத்தடியில் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. முறிந்த ஓசையும் எனக்குக் கேட்கவில்லை. அவன் வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன்.

அவனுக்கு ஒரு மனைவி, கைக்குழந்தை. துறைமுகத்தில் கயிறு இழுக்கும் வேலை.

16 ஜூலை

எழுத ஒன்றுமில்லை. மழை.

25 ஜூலை, செவ்வாய்

மதராஸ் போகும் குதிரைக் கப்பல் வந்து நிற்கிறது. குதிரைக்காரர்களில் ஒருவன் லாயத்து வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டான். கஜபதி! எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. தலை நரைத்துவிட்டது, நடை மாறவில்லை.

பிற்பகல் முழுவதும் படித்துறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவன்தான் பேசினான். எத்தனை வருடத்துக்குப் பிறகு தமிழ்! நான் சிரித்தேன், தலையாட்டினேன், அவ்வப்போது "ஆமாமா" என்றேன். ஓரிடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் சிரித்துத் தலையாட்டினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனான். களைப்பாக இருந்திருக்கும்.

26 ஜூலை, புதன்

சட்டை பிழியும்போது ஹனோரா கேட்டாள்: "நேத்து உன் ஊர்க்காரர் எதுக்கு அழுதார்?"

"அழுதானா?"

"படித்துறை வழியாத்தான் வந்தேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனார்."

காற்றில் தூசி என்றேன். அவள் சட்டையின் தன் முனையை விட்டுவிட்டாள். அது தரையில் விழுந்தது. மறுபடி அலசவேண்டியதாயிற்று.

27 ஜூலை, வியாழன்

கப்பலுக்குப் போனேன். ராத்திரியெல்லாம் கஜபதியின் உதடுகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆங்கிலத்தை உதட்டில் படிக்க இத்தனை நாளில் பழகிவிட்டேன். தமிழ் என்னுடைய மொழி, அது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கையைப் பிடித்தபோது அவன் சொன்ன வார்த்தையில் உதடு ஒருமுறை அழுந்த மூடித் திறந்தது. அது அம்மாவாக இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். உதட்டில் இரண்டும் ஒன்றே.

அவன் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அருகே போய் நின்றேன்.

"கஜபதி, எனக்குக் காது கேக்கலை" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுவே முதல் தடவை. என் குரல் எப்படி இருந்ததென்று தெரியவில்லை, உரக்கவோ, மெதுவாகவோ. பக்கத்திலிருந்த குதிரைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. "முந்தாநாள் நீ சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கலை. யாருடா?"

தொட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். என் வலது காதில் கையைக் குவித்து வைத்து என்னவோ கத்தினான். கிணற்றுக்கடியில் யாரோ நடப்பதுபோல் இருந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது. விரலை எடுத்துத் தன் மூக்கின் வலப்பக்கத்தில் வைத்தான். மூக்குத்தி.

அம்மா.

தை மாதமாம். விரல்களாலும் கண்களாலும் சொன்னான். கஷ்டப்படவில்லையாம், தூக்கத்திலேயாம். நான் அதைக் கேட்டுச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன்.

இருவரும் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தோம். கப்பல் மெல்ல ஆடியது. கூட வந்துவிடு என்று கையைக் காட்டினான். அங்கே இப்போது எனக்கு இருப்பவர் அப்பா ஒருவர், அவரும் அண்ணன் வீட்டில். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

30 ஜூலை, ஞாயிறு

கப்பல் போயிற்று. போகும்வரை படித்துறையில் நின்றேன். அப்பாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். நான் கேளாமலேயே ஹனோரா எடுத்துவந்து கொடுத்தது.

1 ஆகஸ்ட், செவ்வாய்

பெர்ஸி வீட்டுக்குப் போனேன். டன்னிங்கும் அங்கே இருந்தார். கஜபதியிடம் சொன்ன அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபம்.

பெர்ஸி தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே டன்னிங்கிடம் என்னவோ சொன்னான். டன்னிங் எனக்காக மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: "இவன் கத்தினதைக் கேட்டும் நீ வேணும்னே இறங்கிட்டேன்னு நெனச்சானாம். அதுதான் எலும்பைவிட வலிச்சுதாம்."

லாயத்தில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தப்பில்லை. பின்னால் வரும் குதிரை தெரியாதவனை அங்கே வைத்திருக்க முடியாது. ஹனோராவின் கூடத்தில் நீர் இறைக்கவும் மூட்டை சுமக்கவும் ஆள் தேவைப்படுகிறதாம். நேற்றுவரை தேவைப்படவில்லை.

12 ஆகஸ்ட், சனி

டன்னிங் என்னை நீக்கவில்லை. பந்து யாருடையது என்பதை இனிக் கத்தாமல் கையைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று எல்லோருக்கும் உத்தரவு. பதினெட்டுப் பேரும் கையைத் தூக்கியும் இறக்கியும் ஆடுவதைப் பார்த்தால் காற்றடிக்கும் வயல்போல் இருக்கிறது. எதிரணி குழம்பிப்போனது. ஜெயித்தோம்.

9 செப்டம்பர், சனி

கடைசி ஆட்டம். வடமேட்டு அணி. ஜெயித்தால் கோப்பை.

வெயில் மெல்லியதாக, பால்போல் இருந்தது. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு கோல் போதும். கோலுக்கு ஆறு புள்ளி. டன்னிங் நடுவிலிருந்து உதைத்தார். நான் இரண்டு பேருக்கு மேலே போனேன். மேலே அந்த இடம். இன்று அங்கே வெகுநேரம் இருந்ததாகத் தோன்றியது. பந்து வந்து நெஞ்சில் சேர்ந்தது.

இறங்கியதும் பார்த்தேன்: எல்லோரும் ஓடுகிறார்கள், கைகளை ஆட்டுகிறார்கள். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எதிரே நின்றவனைச் சுற்றி ஓடி, ஓட்டத்திலேயே உதைத்தேன். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே போயிற்று, நெற்றியில் பொட்டு வைத்ததுபோல.

கோல் விழுந்தால் கம்பத்தடியில் நிற்கும் கோல் நடுவர் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் அசைப்பார். அவர் அசைக்கவில்லை. கொடிகள் அவர் காலடியில் கிடந்தன. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வடமேட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

டன்னிங் வந்து இரு கைகளாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மணி அடிச்சிருச்சு, ஈகன். நீ மேல இருக்கும்போது பந்து கைக்கு வந்துது, உடனே மணி அடிச்சுது. மார்க் உன்னோடது. நின்ன இடத்துல நின்னு, புகை ஒண்ணு பத்தவெச்சு முடிச்சுட்டுக்கூட உதைச்சிருக்கலாம். ஓடிட்டே. ஓடினா மார்க் போச்சு. ஆட்டம் முடிஞ்சுது."

"கையைக் காட்டினாங்களே?"

"நில்லுன்னு காட்டினாங்க."

யாரும் திட்டவில்லை. உடைமாற்றும் கொட்டகையில் பெர்ஸி, கட்டுப்போட்ட கையோடு முன்னால் குந்தி, ஒற்றைக் கையால் என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டான். திட்டியிருக்கலாம்.

11 செப்டம்பர், திங்கள்

பத்திரிகை: 'ஈகன் தன் ஆட்ட வாழ்வின் மிக அழகான கோலைப் போட்டார், அது கணக்கில் இல்லை.'

டன்னிங்கிடம் இனி ஆடுவதில்லை என்று சொன்னேன். என் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை ஹனோராவிடம் கொடுத்து, வெளுத்து இவனிடமே கொடுத்துவிடு என்றார். என்னிடம், "காது வேணாத வேலை ஒண்ணு இந்த ஆட்டத்துல இருக்கு, யோசிச்சுப் பாரு" என்றார்.

14 நவம்பர், செவ்வாய்

சாதா வேலைகள். நீலம் தீர்ந்துவிட்டது, வாங்கவேண்டும். ஹனோரா பாடும்போது தொட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் மரம் இலேசாக அதிர்கிறது. பாட்டு என்னவென்று தெரியாது. நீளமானது என்றுமட்டும் தெரிகிறது.

5 மே 1900, சனி

இன்று பருவத்தின் முதல் ஆட்டம். கெல்சன் துறையும் வடமேடும். நான் கோல் நடுவர்.

கொடிகளை நேற்றே வீட்டில் ஹனோரா வெளுத்துக் கஞ்சிபோட்டு வைத்திருந்தாள். காலையில் என் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, "நேரா நில்லு. எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க" என்றாள்.

விரிகுடாவிலிருந்து பனி வந்துகொண்டிருந்தது. நான் என் முனையில் உயரமான கம்பத்தை ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். பந்து எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் புல், பனி, தூரத்தில் வண்ணச் சட்டைகள் மிதந்து போவது. நாள் முழுக்க இப்படியே நிற்கலாம் என்று தோன்றியது.

கடைசிப் பகுதியில் கெல்சன் துறை மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. டன்னிங் பந்தை வாங்கி என் கம்பத்தைப் பார்த்து உதைத்தார். உயரமாக, அழகாக வந்தது. என் தலைக்கு மேலே கம்பத்தை உரசுவதுபோல் உள்ளே போயிற்று. கூட்டம் மொத்தமாக எழுந்துவிட்டது. தொப்பிகள் பறந்தன. டன்னிங் இரு கைகளையும் தூக்கிவிட்டார். பெர்ஸி குட்டிக்கரணம் போட்டான்.

என் உள்ளங்கையில் கம்பம் அதிர்ந்தது. மிகச் சின்ன அதிர்வு, ஒரு தும்பி வந்து உட்கார்ந்தால் இருக்குமே, அதுபோல. பந்து கம்பத்தைத் தொட்டிருக்கிறது. தொட்டால் கோல் இல்லை. ஒரே ஒரு புள்ளி. கொடிகளை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் காட்டினேன்.

டன்னிங் என்னை நோக்கி ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது. என் மூக்கருகே நின்று, ஒவ்வொரு சொல்லையும் எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்: "ஈகன், உனக்குக் கண்ணும் போச்சா?"

அவருக்குப் பின்னால் ஊரே வாயைத் திறந்திருந்தது. அத்தனை வாயையும் என்னால் படிக்க முடிந்தது. ஒன்றையும் இங்கே எழுத முடியாது. கயிற்றுக்கு அப்பால் ஹனோரா மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

டன்னிங்கின் கையைப் பிடித்துக் கம்பத்தின்மேல் வைத்து, இன்னொரு பக்கம் விரலால் மெல்லத் தட்டிக் காட்டினேன். அவர் கை அங்கேயே இருந்தது. முகம் மெதுவாக இறங்கிற்று. தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

ஒற்றைப் புள்ளிக்கு ஒற்றைக் கொடி; ஒன்றைத் தரையிலேயே விட்டுவிட்டு, மற்றொன்றை எடுத்து உயர்த்தி அசைத்தேன். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் கோல் நடுவர் அதைப் பார்த்துத் தன் கொடியால் பதில் காட்டினால்தான் புள்ளி ஏறும். பனியில் அவர் தெரியவில்லை. கை வலிக்க அசைத்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அங்கே வெண்மைக்குள் வெண்மையாக ஒன்று அசைந்தது.